பானட்டுக்குள் தலைவிட்டவர்கள்

எங்கள் தெருவில் ஒரு காரின் பானட்டைத் திறந்து வைத்தால் போதும், போகிற வருகிற ஆண்கள் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். பால் வாங்கப் போனவர் நிற்பார். பைக்கில் போனவர் காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். நாம் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டோம். இடுப்பில் கையை வைத்து எட்டிப் பார்த்து, "என்ன, ஆயில் ஒழுகுதோ?" என்பார்கள். தரையில் கறுப்பாகத் தேங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள். பிறகு தீர்ப்பு வரும். ஒருவர் பேக்கிங் என்பார், ஒருவர் சீல் என்பார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். அந்த வருடம் நான் கேட்ட தீர்ப்புகளில் ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போனதில்லை. சொன்னவர்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகமும் இருந்ததில்லை.

கார் என் கணவருடையது. பழைய டீசல் வண்டி. அந்த மாடலை நிறுத்தி ரொம்பக் காலமாகிறது. பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போன பிறகு, அதை ஓட்டும் வேலை எனக்கு வந்தது. அதுவரை லைசென்ஸ் வைத்திருந்தும் நான் ஓட்டியதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் காலுக்கும் சேர்த்து அவரே பிரேக் பிடிப்பார். அதற்குப் பேசாமல் பஸ்ஸில் போகலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அங்கே ஒரு பிசியோதெரபி அம்மா இருந்தார். அதட்டிப் பேசுகிறவர். அவர் அதட்டலுக்குத்தான் என் கணவரின் கால் விரல் முதன்முதலில் அசைந்தது.

இந்த வண்டிதான் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதன் முன்சீட் அவருடைய இடுப்புக்குச் சரியான உயரம். கதவும் அகலமாகத் திறக்கும். முதுகைக் காட்டி நின்று, மெதுவாக உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே வைக்க வேண்டும். தோளை நான் பிடித்துக்கொள்வேன், வலது காலை நான்தான் தூக்கி வைப்பேன். ஆட்டோவில் குனிந்து ஏற அவரால் முடியாது. என் கொழுந்தனாரின் புது வண்டி, ஏணி வைத்து ஏறுகிற உயரம். ஒருநாள் அதில் அவரை இரண்டு ஆட்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே போட்டார்கள். தெருவே பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரச் சம்மதிக்கவில்லை. இந்தப் பழைய வண்டி போனால் அவருக்கு வாசல்படிதான் எல்லை என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அந்த வண்டிதான் ஒழுக ஆரம்பித்தது. கொழுந்தனார் வீட்டுக் கல்யாண வேலைகளுக்கு ஒரு வாரம் ஓடிவிட்டு வந்தது. வந்ததிலிருந்து நின்ற இடமெல்லாம் ஆயில். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வழக்கமாக நிறுத்துவது தேரடிக்குப் போகும் தெருவில் ஒரு வீட்டு வாசல். அந்த வீட்டம்மா ஒருநாள் கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு காத்திருந்தார்.

"ஏம்மா, உங்க வண்டி நின்னுட்டுப் போனா இங்க ஒரு புள்ளி வைக்க ஏலலை. எண்ணெயில மாவு ஒட்டுமா?"

நியாயமான கேள்வி. அடுத்த முறையிலிருந்து பால்கோவா கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்குக் கீழே விரித்துவிட்டு, பிறகு அவரை இறக்குவேன். கிளம்பும்போது எடுத்து மடித்து டிக்கியில் வைப்பேன். வாரக் கடைசியில் அந்த அட்டையைப் பிழிந்தால் பணியாரம் சுட்டுவிடலாம்.

முதல் மெக்கானிக் எங்கள் ஊர்க்காரர். பானட்டைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"யக்கா, இது டாப் பேக்கிங் போயிட்டு. மாத்திட்டா ஒரு சொட்டு விழாது."

மாற்றினார். இன்ஜின் தலையைச் சுற்றி அப்பளத்துக்கு மாவு பிசைந்ததுபோல் பசையை அப்பினார். ஒரு வாரம் சொட்டு குறைந்தது, பிறகு முன்னைவிட அதிகமானது. திரும்பிப் போனேன். "நான் மாத்துனது ஒழுகலைக்கா, இது வேற ஒழுக்கு" என்றார். அவர் ஒழுக்கு, வேறு ஒழுக்கு என்று ஆயிலில் பெயரெழுதி வைத்திருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். கூச்சமே இல்லை.

இரண்டாவது ஆள் சோழபுரம் பக்கம். பெரிய பட்டறை, பெரிய பேச்சு. வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, எங்கே சொட்டுகிறதோ அங்கே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"வீட்டுல ஆம்பளை யாரும் வரலையா?"

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆறடி மனிதர் அவர் கணக்கில் வரவில்லை. என் கணவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுக் குழறும், ஆனால் காது நன்றாகவே கேட்கும். "ஆம்பளை வந்தா ஆயில் நிக்குமா? என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"பின் சீல் போயிருக்கு. கியர்பாக்ஸை இறக்கணும். பத்து நாள் ஆவும்."

இறக்கினார். பத்து நாள் பதினெட்டு நாளானது. அத்தனை நாளும் என் கணவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் வந்திருந்த கால் அசைவு நின்றுவிடுமோ என்று நான் பயந்தேன். வண்டி வந்தது, பழையபடி ஒழுகியது. பட்டறைக்காரர் போனை எடுக்கவே இல்லை.

இப்போது என் கொழுந்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தம்பி. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருக்கிறார். அண்ணன் படுத்த நாளிலிருந்து குடும்பத்துக்கு இனி தான்தான் தலை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு அனுப்பிவிடலாம். நல்லது செய்கிறேன் என்று வந்து நிற்கிறவரை என்ன செய்வது?

"மதினி, நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதீக. நாளைக்கு நடுரோட்டுல ஆயில் காலியாகி இன்ஜின் பிடிச்சு நின்னுட்டா, அண்ணனை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீக? வித்துருவோம். பிசியோவை வீட்டுக்கே வரச் சொல்லிருவோம். அண்ணன் எதுக்கு அலையணும்?"

அவர் அலைகிறார் என்று இவருக்கு யார் சொன்னது? காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற நாட்களில் மட்டும்தான் அவர் சட்டைப் பித்தானை ஒற்றைக் கையால் தானே போட்டுக்கொள்வார். மற்ற நாட்களில் பனியனோடு உட்கார்ந்திருப்பார். அதைச் சொன்னால் கொழுந்தனாருக்குப் புரியாது. அண்ணனுக்கு எதிரிலேயே அவர் இதையெல்லாம் பேசினார், ஏதோ பீரோவை எந்த அறையில் போடலாம் என்று பேசுகிற மாதிரி. ஆனாலும் நடுரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. கோபத்தில், "ஒழுக்கு நிக்கலைன்னா வித்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தெரிந்த ஆள் ஒருவரை வாங்கவும் ஏற்பாடு செய்துவிட்டார். அப்போது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். ஆவணியில் முதல் நல்ல நாளில் வருவதாகப் பேச்சு. ஆடி மாதம் ஒன்றுதான் எனக்குக் கிடைத்த அவகாசம்.

நூல் மில்லில் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் என் உத்தியோக காலம் முழுவதும் செய்தது ஒரே வேலை. நூலில் குறை வந்தால் அது எந்த மெஷினில் பிறந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது. குறை கடைசியில் நூலைச் சுற்றுகிற கோனில் தெரியும், பிறந்தது அதற்கு நாலு மெஷின் முன்னால் இருக்கும். கோன் சுற்றுகிறவனைத் திட்டிப் பயனில்லை. இந்தச் சின்ன விஷயம் எங்கள் மில்லில் நேற்று சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். இரண்டு பட்டறைக்காரர்களும் சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தார்களே தவிர, அது எங்கிருந்து இறங்கி வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஓடுகிற வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். மேலே கசிந்தது கீழே பின்பக்கம் போய்ச் சொட்டும். இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் இன்ஜினைக் கழுவினேன். மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பேண்டேஜ் கழிவுத்துணி. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் அது கிடக்கும். குழாய் ஒழுகினால் சுற்றுவோம், ஜன்னல் ஆடினால் செருகுவோம், எலி வளையை அடைப்போம். துணியால் அடைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நம்புகிற ஊர். துடைத்துக் காயவிட்ட பிறகு, முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து வந்து இன்ஜின் முழுக்கத் தூவினேன். கசிகிற இடம் வெள்ளையில் உடனே தெரிந்துவிடும். வழக்கம்போல் தெருவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"மதினி, வண்டிக்கு மேக்கப்பா? பொண்ணு பாக்க வாராகளோ?" என்றார் அவர்களில் ஒருவர்.

"ஆமா. மாப்பிள்ளை நீங்கதான். போயி குளிச்சிட்டு வாங்க."

என் கணவரையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் வரை ஓட்டினேன். ஆடிக்காற்று வண்டியைத் தள்ளியது. காலேஜ் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. புளியமரத்தடியில் நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். எனக்கு ஒரே ஏமாற்றம். ஒரு இடத்தில் ஈரம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மேல்மூடியின் விளிம்பில் ஈரம், முன்னால் பெல்ட் பக்கம் ஈரம், புதிதாகப் போட்ட பேக்கிங்கிலும் ஈரம். ஆயில் அளவு பார்க்கும் கம்பி தன் குழாயிலிருந்து விரலளவு மேலே எழும்பி நின்றது. நான்தான் காலையில் சரியாக அழுத்தவில்லை போலிருக்கிறது என்று அழுத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் மறுபடி எழும்பி நின்றது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. மில்லில் ஒரு மெஷினில் குறை வந்தால் அந்த மெஷினைப் பார்ப்போம். எல்லா மெஷினிலும் ஒரே நாளில் ஒரே குறை வந்தால் மெஷின் பக்கமே போகமாட்டோம். பஞ்சைப் பார்ப்போம், ஈரப்பதம் கொடுக்கிற பிளான்ட்டைப் பார்ப்போம். இங்கே எல்லா மூட்டும் ஒன்றாகக் கசிகிறது, கம்பி தானாக எழும்புகிறது. உள்ளே இருந்து ஏதோ தள்ளுகிறது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி குப்பென்று புகை முகத்தில் அடித்தது.

உள்ளே சேர்கிற அந்தக் காற்று வெளியேற ஒரு வழி இருந்தாக வேண்டும். மேல்மூடியிலிருந்து ஏர் பில்டருக்கு விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் போனது. அதைத் தவிர வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றி, ஒரு முனையில் நீளக் கம்பியை விட்டேன். பாதியில் மெத்தென்று தட்டியது. நுனியை வளைத்து இழுத்தேன். ஆயிலும் கரியும் ஊறிக் களிமண்ணாகிப்போன ஒரு உருண்டை வந்து விழுந்தது. மண்ணெண்ணெயில் போட்டு அலசினேன். பிரிந்து விரிந்தது. இழை இழையாக இடைவெளி விட்ட நெசவு. இதைப் பார்த்ததும் சொல்லிவிட என் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. பேண்டேஜ் துணி.

குழாயைக் கழுவி மாட்டினேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் வந்த நாட்களில் அட்டையில் சொட்டு குறைந்து குறைந்து, ஆடிப்பூரத் தேருக்காகத் தெருவை அடைத்து நாங்கள் வேறு இடத்தில் நிறுத்த வேண்டிவந்த வாரத்தில் அட்டை காய்ந்தே இருந்தது. கோல வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு ஓடிய வாரத்தில்தான் அந்தத் துணி உள்ளே போயிருக்கும் என்று தெரிந்தும் நான் கொழுந்தனாரிடம் எதுவும் சொல்லவில்லை. வரட்டும், எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்கலாம் என்று உருண்டையை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அவர் முகம் போகிற போக்கை நினைத்து நினைத்து நான் பட்ட சந்தோஷத்தை வெளியே சொல்லக் கூடாது.

ஆவணியில் சொன்னபடி வந்தார்கள். கொழுந்தனார், வாங்க வந்த ஆள், அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டு நம்முடைய முதல் மெக்கானிக். வண்டி வாசலுக்கு எதிரே நின்றது. என் கணவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், நாலு கால் ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு எல்லோரும் நேரே பானட்டுக்குப் போனார்கள். திறந்ததும் தெருவும் வந்து சேர்ந்துகொண்டது.

நான் டப்பாவைத் திறந்து துணியைக் கொழுந்தனார் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது எந்தத் தறியில நெய்ஞ்சதுன்னு தெரியுதா தம்பி?"

வாங்கிப் பார்த்தார். முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவே இல்லை.

"அட, இது நான் வச்சதுல்லா! கல்யாணத்தன்னைக்கு ஒரே புகை நாத்தம். பில்டருக்குள்ள ஆயில் ஏறியிருந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளை ஏறுத வண்டியாச்சேன்னு கொஞ்சம் துணிய வச்சு அந்தக் குழாய அடைச்சேன். பொறவு எடுக்க மறந்துட்டேன் மதினி."

"அதை அடைச்சதுனாலதான் அம்புட்டு ஒழுக்கும்! வழி இல்லாமக் காத்து ஆயிலை வெளியே தள்ளிருக்கு. இது தெரியாம கியர்பாக்ஸை இறக்குனாங்க, பதினெட்டு நாள் உங்க அண்ணன் வீட்டுல கெடந்தாக!"

"அதான பாத்தேன்," என்றார் மெக்கானிக். "பிரீதர் குழாய் அடைச்சாலும் இப்பிடித்தான் ஒழுகும்க்கா."

இதை அன்றைக்கே சொல்ல அவருக்கு வாய் இல்லை. வாங்க வந்தவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப சொட்டே இல்லையே" என்றார். கொழுந்தனாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீகளா மதினி? துணிய எடுத்ததும் நின்னுட்டு. அப்ப வண்டி சுத்தமான வண்டி. நல்ல விலைக்கே குடுத்துருவோம்."

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒழுகினாலும் விற்க வேண்டும், ஒழுகாவிட்டாலும் விற்க வேண்டும். நான் கத்த ஆரம்பித்தேன். குழாயைக் காட்டிக் கத்தினேன், கம்பியை உருவிக் காட்டிக் கத்தினேன், மூடியைத் திறந்து காட்டினேன். மெக்கானிக் குறுக்கே ஏதோ விளக்கம் சொன்னார். வாங்க வந்தவர் இன்ஜினுக்குள் கையைவிட்டார். பால் வாங்கப் போனவர் ஒரு யோசனை சொன்னார். நானும் சேர்ந்து எல்லோரும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினோம். யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை.

"சரி மதினி, அவிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும், பொறவு பேசிக்கிடுவோம்" என்று கொழுந்தனார் பானட்டை இறக்கி மூடினார்.

முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் நாற்காலி காலியாக இருந்தது. ஊன்றுகோல் கார் கதவுக்கு வெளியே தரையில் நின்றது. கதவு சாத்தியிருந்தது. பெல்ட் போட்டிருந்தார். யார் ஏற்றிவிட்டது என்று சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. எல்லோரும் எங்களோடு பானட்டில்தான் இருந்தார்கள்.

கொழுந்தனார் ஜன்னலில் குனிந்தார். "அண்ணே, செத்த இறங்குங்க. அவிய ஓட்டிப் பாக்கணும்."

"மாட்டேன்" என்றார்.

வழக்கமாக அவர் பேசினால் நான் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இதற்கு நான் தேவைப்படவில்லை. தெருக்கோடி வரை கேட்டது. வாங்க வந்தவர் ஒரு அடி பின்னால் போனார். நான் ஊன்றுகோலை எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு, சுற்றி வந்து ஏறி, வண்டியை எடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று கொழுந்தனார் கேட்டார். எனக்கே தெரியாது.

அன்று பயிற்சி நாள்கூட இல்லை. ஆனாலும் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டைத்தான் பிடித்தது. இத்தனை மாதம் எதற்காக இந்த ரோட்டில் ஓடினேனோ அது என் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்திருந்தது. நானோ ஒரு அழுக்குத் துணியைக் காட்டி ஊரோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மரத்தடியாகப் பார்த்து ஓரங்கட்டினேன். இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஊன்றுகோலைக் கையில் கொடுத்தேன்.

"இறங்கி, இன்னொரு தடவை ஏறுங்க. அப்ப நான் பாக்கல."

முறைத்தார். பிறகு இறங்கினார். முதுகைக் காட்டி நின்றார். இடது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, மூச்சை இழுத்து, மெல்ல உட்கார்ந்தார். கையை விட்டு, வேட்டியோடு சேர்த்து வலது முழங்காலைக் கொத்தாகப் பற்றித் தூக்கினார். கால் வாசல் விளிம்பில் இடித்தது. என் கை தானாக முன்னால் போனது. பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டேன். மறுபடி தூக்கி உள்ளே வைத்தார். வேர்த்திருந்தது.

"போதுமா?" என்றார்.

போதாது, இன்னொரு தடவை என்றேன்.